நான்கு சில்லுகளும் ஒரு வாழ்வாதாரமும்

கடந்த ஆவணி மாதத்து மதியவேளை. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் கிளினிக் முடித்துக்கொண்டு, பரந்தன் சந்தி கடந்து முல்லைத்தீவு வீதியால் திரும்பிக்கொண்டிருந்தோம். வாகனத்தில் நான்கு தாய்மாரும் நானும். ஓட்டியவர் கிளிநொச்சி மாவட்டத்தைச் சேர்ந்த ஓர் அக்கா. தருமபுரத்துக்குச் சற்று முன்பாக 'டமார்' என்று ஒரு சத்தம். பின்பக்க ரயர் வெடித்துவிட்டது. அக்கா பதறாமல், பிறேக்கை ஓங்கி மிதிக்காமல், ஸ்ரியரிங்கை இறுகப் பிடித்து மெதுவாக வாகனத்தை ஓரங்கட்டினார். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

ஆனால் கதவைத் திறந்ததும் நான் கண்ட காட்சியை இன்றுவரை மறக்க முடியவில்லை. பின்னால் இருந்த தாய்மாரில் இருவர் இறங்கியவுடனேயே தெருவோரப் புல்லில் குப்புறப் படுத்துவிட்டார்கள். ஒருவர் இரு கைகளாலும் தலையைப் பொத்தியிருந்தார். 2009 முடிந்து எத்தனையோ வருடங்களாகிவிட்டன. உடம்புக்கு அது தெரியவில்லை.

"அம்மா, எழும்புங்கோ. ரயர் தான் வெடிச்சது" என்று சொல்லி அவர்களை எழுப்ப நீண்ட நேரமாயிற்று. அன்றிரவு அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்தார். "தங்கச்சி, நாலு ரயரும் மாத்தப் போறன். நீர் படிச்ச பிள்ளை. கூட வாரும்" என்றார். சமூகவியல் படித்த எனக்கு ரயரைப் பற்றி என்ன தெரியும்? ஆனாலும் இருவருமாகத் தேடினோம், கேட்டோம், கணக்குப் போட்டோம். அப்படி நாங்கள் அறிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன். வாகனம் ஓட்டி உழைக்கும் சகோதரிகளுக்கும், ஸ்கூட்டி, ஓட்டோ வைத்திருப்பவர்களுக்கும் இதில் பல விடயங்கள் பொருந்தும்.

அக்காவின் வாகனம்

அக்கா கணவரை இறுதி யுத்தத்தில் இழந்தவர். இரண்டு பிள்ளைகளை வளர்த்தெடுத்தவர். கனடாவிலுள்ள தம்பி கொடுத்த முற்பணத்தோடு, மீதியை லீசிங்கில் போட்டு, பழைய ஹொண்டா வெசல் ஹைபிரிட் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓடுகிறார். கிளினிக், கல்யாண வீடு, கட்டுநாயக்க விமான நிலையம் என்று மாதம் 2,500 கிலோமீற்றர் ஓடினால்தான் தவணைப் பணம் கட்டி, மிச்சத்தில் வீடு நடக்கும். தவணை தவறினால் வாகனம் கைவிட்டுப் போகும்.

வெசல் 2013 மார்கழியில் ஜப்பானில் அறிமுகமானது. அடுத்துவந்த வருடங்களில் இலங்கைக்குப் பெருந்தொகையாக இறக்குமதியானது. 2020 பங்குனியில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 மாசியில்தான் மீண்டும் வழி திறந்தது. எனவே எம்மிடையே ஓடும் ஹைபிரிட் வாகனங்களில் பல பத்து வயதைத் தொட்டவை. அவற்றைப் பராமரித்தே ஓட வேண்டியுள்ளது.

ஹைபிரிட்டுக்கு ஏன் தனிக் கவனம்?

ஹைபிரிட் வாகனத்தில் பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டரும் சேர்ந்து வேலை செய்கின்றன. மெதுவாகப் போகும்போது எஞ்சின் நின்று மோட்டர் மட்டும் இயங்கும். அப்போது எஞ்சின் இரைச்சல் இல்லாதபடியால் ரயரின் இரைச்சல்தான் காதில் விழும். மின்கலமும் மோட்டரும் இருப்பதால் இதே அளவுள்ள சாதாரண வாகனத்தைவிடப் பாரமும் கூட. மோட்டர் புறப்படும்போதே முழு இழுவையைக் கொடுப்பதால் முன் ரயர்கள் விரைவாகத் தேயக்கூடும். பல ஹைபிரிட்களில் மேலதிகச் சில்லு இருக்காது. ஓட்டையை அடைக்கும் திரவமும் ஒரு சிறு பம்புமே இருக்கும். வெடித்த ரயருக்கு அந்தத் திரவம் உதவாது. எங்களுக்கு அன்று நேர்ந்ததும் அதுவே.

பெற்றோல் மிச்சமாகுமா?

'எரிபொருள் மிச்சம் பிடிக்கும் ரயர்' என்பது வெறும் விளம்பரமல்ல. ரயர் உருளும்போது ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி மீள்கிறது. அந்த நசுங்கலில் சக்தி சூடாக மாறி வீணாகிறது. இதனை உருளல் தடை என்பார்கள். ரப்பர் கலவையில் சிலிக்கா சேர்ப்பது போன்ற வழிகளால் இதனைக் குறைக்கிறார்கள். உருளல் தடை 10 வீதம் குறைந்தால் எரிபொருள் 1 முதல் 2 வீதம் வரை மிச்சமாகும் என்பது பொதுவான கணிப்பு.

எரிபொருளின் அருமையை எமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய மண் இது. 2022 ஆனியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியதையும், கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்றதையும் நாம் மறக்கவில்லை.

சரி, கணக்கைப் பார்ப்போம். அக்காவின் கொப்பியின்படி அவரது வாகனம் லீற்றருக்கு 18 கிலோமீற்றர் ஓடுகிறது. ஒரு சோடி ரயர் 40,000 கிலோமீற்றர் உழைக்கும் என்று வைத்தால் அதற்குள் ஏறத்தாழ 2,220 லீற்றர் செலவாகும். 3 வீத மிச்சம் என்றால் 66 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று கொண்டால் சுமார் 20,000 ரூபா. ஆகவே நான்கு ரயருக்குமாகச் சேர்த்து விலை வித்தியாசம் 20,000 ரூபாவுக்குள் இருந்தால் மட்டுமே அந்த மிச்சம் உண்மையான மிச்சம். அதைவிடக் கூடக் கேட்டால், மிச்சம் கடைக்காரருக்குத்தான்.

இன்னொன்றையும் மனதில் கொள்ளுங்கள். தேய்ந்த ரயர் புதிய ரயரைவிட இலகுவாக உருளும். எனவே புதிய ரயர் போட்ட முதல் வாரங்களில் பெற்றோல் சற்றுக் கூடச் செலவாகலாம். ஏமாற்றிவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம்.

மழையில் நிற்குமா?

மிச்சத்தை மட்டும் பார்த்து ரயர் வாங்குவது ஆபத்து. இலகுவாக உருளும் ரயர் மலிவான தயாரிப்பாக இருந்தால் ஈரத் தெருவில் வழுக்கலாம். வடக்கில் ஐப்பசி தொடங்கித் தை வரை பெய்யும் மழையை நினைத்துப் பாருங்கள்.

இதற்காகவே சில நாடுகள் தரச்சீட்டு முறையை வைத்துள்ளன. ஜப்பானில் 2010 தையில் தொடங்கிய முறையில் உருளல் தடைக்கு மூன்று ஏ, இரண்டு ஏ, ஒரு ஏ, பி, சி என்ற தரங்களும், ஈரப்பிடிப்புக்கு ஏ முதல் டி வரையான தரங்களும் உண்டு. ஐரோப்பாவில் 2012இல் தொடங்கி 2021 வைகாசியில் திருத்தப்பட்ட சீட்டில் இரண்டுக்கும் ஏ முதல் ஈ வரை தரங்கள். பழைய ஐரோப்பியச் சீட்டின்படி, மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் ஈரத் தெருவில் பிறேக் பிடித்தால், ஏ தர ரயருக்கும் எஃப் தர ரயருக்கும் இடையே நிற்கும் தூரம் 18 மீற்றர் வரை வேறுபடலாம். 18 மீற்றர் என்பது இரண்டு பேரூந்துகளின் நீளத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் ஒரு பிள்ளையின் உயிர் அந்தத் தூரத்துக்குள் இருக்கிறது.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

ரயரின் தவாளிப்புகளுக்குள் அகப்படும் காற்று நசுங்கி வெளியேறும்போது ஓசை எழும். ரப்பர்க் கட்டைகள் தெருவில் அடிக்கும்போதும் எழும். கட்டைகள் பெரிதாகவும் இடைவெளி அகலமாகவும் உள்ள சேற்று ரயர்கள் கூடுதலாக இரையும், பெற்றோலும் கூடக் குடிக்கும். எமது ஊர்களின் கிரவல் ஒழுங்கைகளுக்கு இது நல்லது என்று சிலர் சொல்வார்கள். ஆனால் உங்கள் ஓட்டத்தில் பெரும்பகுதி கார்ப்பெற் வீதியில் என்றால் அது வேண்டாத செலவு.

அழகுக்காகப் பெரிய றிம் மாற்றுவதையும் தவிருங்கள். றிம் பெரிதாக ரயரின் பக்கச் சுவர் ஒடுங்கும். குழியில் விழும் அடி நேரே உள்ளே வரும்.

ஐரோப்பியச் சீட்டிலுள்ள சத்த அளவு தெருவோரத்தில் நிற்பவருக்குக் கேட்கும் சத்தமேயன்றி வாகனத்துக்குள் கேட்பதல்ல. எனவே அதே ரயர் போட்ட வாகனம் ஒன்றில் ஒருமுறை ஏறிப் பார்ப்பதே சிறந்த வழி. 'ம்ம்...' என்ற ஒரே சீரான இரைச்சல் ரயர் மாற்றிய பின்னும் தொடர்ந்தால் சில்லின் பெயாரிங்கைச் சோதியுங்கள். குற்றம் ரயரில் இல்லாமலும் இருக்கலாம்.

பக்கச் சுவரை வாசியுங்கள்

அக்காவின் ரயரில் '215/60 ஆர் 16 95 எச்' என்றிருந்தது. 215 என்பது மில்லிமீற்றரில் அகலம். 60 என்பது அகலத்தில் எத்தனை வீதம் பக்கச் சுவரின் உயரம் என்பது. 16 றிம்மின் அங்குலம். 95 என்பது ஒரு ரயர் தாங்கும் பாரத்தின் குறியீடு, அதாவது 690 கிலோகிராம். எச் என்பது மணிக்கு 210 கிலோமீற்றர் வரையான வேகக் குறியீடு. பாரக் குறியீடு குறைந்த ரயரை எந்தக் காரணத்துக்காகவும் வாங்காதீர்கள்.

டிஓடி என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்கள்தான் ரயரின் பிறந்த திகதி. முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. வெடித்த ரயரைப் புரட்டிப் பார்த்தோம். '1114' என்றிருந்தது. 2014ஆம் ஆண்டின் பதினோராவது வாரம்! 2022இல், ஒன்றும் கிடைக்காத காலத்தில், ஒரு கடையில் 'புதுசு' என்று சொல்லி அக்காவுக்கு விற்றது அது. தவாளிப்பு ஆழமாகத்தான் இருந்தது. ரப்பர் காய்ந்து வெடிப்பு விட்டிருந்தது. ஐந்து வருடம் கடந்த ரயரை வருடந்தோறும் சோதிக்க வேண்டும், பத்து வருடத்துக்கு மேல் எப்படியிருந்தாலும் கழற்ற வேண்டும் என்று பல உற்பத்தியாளர்கள் கூறுகிறார்கள்.

கடையில் நடந்தது

நாங்கள் போன முதற் கடையில், "வீட்டில ஆம்பிளையள் ஒருத்தரும் வரேல்லையோ?" என்றுதான் முதற் கேள்வி வந்தது. அக்கா அமைதியாக, "வாகனம் ஓடுறது நான். ரயரின்ர திகதியைக் காட்டுங்கோ தம்பி" என்றார். தம்பியின் முகம் மாறிவிட்டது. காட்டிய ரயர் மூன்று வருடம் பழையது. வெளியே வந்துவிட்டோம்.

பிறிஜ்ஸ்ரோன் எக்கோப்பியா, யொக்கோஹாமா புளூஏர்த், டன்லப் எனாசேவ் என்று எரிபொருள் மிச்சத்துக்கென வரும் பெயர்கள் கடைகளில் உங்கள் காதிலும் விழும். எமது நாட்டிலேயே உற்பத்தியாகும் சியெற் ரயர்களும் உண்டு. பெயரைவிட அளவு, திகதி, ஈரப்பிடிப்பு ஆகிய மூன்றையுமே முதலில் கேளுங்கள். மூன்றாவது கடையில் அக்கா தெரிவு செய்தது ஈரப்பிடிப்பில் முதல் தரமும் எரிபொருளில் இரண்டாம் தரமும் உள்ள, ஒரு வருடத்துக்குட்பட்ட ரயர். "பெற்றோல் கொஞ்சம் கூடப் போனாலும் போகட்டும். பின்னால இருக்கிற சனம் பத்திரமாப் போகோணும்" என்றார்.

கையில் இரண்டு ரயருக்கு மட்டுமே பணம் இருந்தால் புதியவற்றைப் பின்பக்கம் போடுங்கள். பின் சில்லு வழுக்கினால் வாகனம் சுழன்றுவிடும், அடக்குவது கடினம்.

வாங்கிய பின்

நல்ல ரயரையும் காற்றுத்தான் காப்பாற்றும். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள சீட்டில் எவ்வளவு காற்று என்று எழுதியிருக்கும். காலையில் ஓடமுன்னர், ரயர் குளிர்ந்திருக்கும்போது அளவுங்கள். நான்கு ரயரிலும் 1 பிஎஸ்ஐ குறைந்தால் எரிபொருளில் ஏறத்தாழ 0.2 வீதம் வீணாகும். காற்றுக் குறைந்த ரயர் சூடேறி வெடிக்கவும் கூடும். பத்தாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை முன்னும் பின்னும் மாற்றுங்கள். புதிய ரயர் போட்டவுடன் வீல் எலைன்மென்ற் பார்த்துவிடுங்கள்.

பழைய ரயரை வளவில் எறியாதீர்கள். ஒரு மழைக்கே தண்ணீர் தேங்கி டெங்கு நுளம்பு பெருகிவிடும். எரிக்கவும் வேண்டாம், அந்தப் புகை பிள்ளைகளுக்குக் கூடாது. கடைக்காரரிடமே ஒப்படைத்துவிடுங்கள்.

அக்கா இப்போது சனிக்கிழமை தோறும் காற்று அளவெடுத்துக் கொப்பியில் எழுதுகிறார். சென்ற மாதக் கிளினிக்குக்கு அதே தாய்மாரோடு மீண்டும் போனோம். அன்று தலையைப் பொத்திக்கொண்டு புல்லில் படுத்த அம்மா முதலில் ஏறத் தயங்கினார். அக்கா இறங்கி வந்து அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிச்சென்று, நான்கு ரயரையும் தொட்டுக்காட்டினார். "இந்த வருசத்து ரயர் அம்மா. நானே பாத்து வாங்கினது" என்றார்.

அம்மா ஏறினார். பரந்தன் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். கண்ணாடியில் தலையைச் சாய்த்து நித்திரையாகியிருந்தார்.