பாய்ப்படகும் பருவமும்

பாய்ப்படகுப் பந்தயம் இளைஞர்க்கே உரியதென்று கருதுவோர் பலர். ஆயினும், பருவத்துக்கேற்ற படகு எவர்க்கும் உண்டு.

1947ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் கிளார்க் மில்ஸ் என்பார் சிறுவர்க்கென ஒரு சிறு படகை அமைத்தார். ‘ஒப்டிமிஸ்ட்’ எனும் அவ்வகைப் படகிலே 15 வயது வரையுள்ள பிள்ளைகள் தனித்தே போட்டியிடுவர். வளர்ந்தோர் தனித்தோட்டும் படகோ உடல்வலியை வேண்டுவது. காற்று படகைச் சாய்க்கையில், ஓட்டுபவர் விளிம்புக்கு வெளியே உடலைச் சாய்த்து அதனை நிமிர்த்தல் வேண்டும்; தொடையும் வயிறும் விரைவிற் களைத்துவிடும்.

நடுவயதிலே தொழிலும் குழந்தை வளர்ப்பும் ஓய்வுப் பொழுதைக் கவர்ந்துகொள்கின்றன. உடல் தளருமுன்பே பொழுதின்மையாற் கரையேறுவோர் உளர். குடும்பத்தாரையே துணையாகக் கொள்ளுதல் இதற்கொரு வழியாகும்.

டென்மார்க்கு நாட்டுப் போல் எல்வ்ஸ்ட்ரோம் 1948 முதல் 1960 வரை நிகழ்ந்த நான்கு ஒலிம்பிக் விழாக்களிலும், தனியாட் படகிலே தங்கப்பதக்கம் பெற்றவர். 1984இல், தமது 56ஆம் வயதிலே, மகள் திரினேயுடன் இருவர் படகேறினார். தந்தை சுக்கான் பிடித்தார். மகள் தன் உடற்பாரத்தாற் படகை நிமிர்த்தினாள். அவர்கள் எய்தியது நான்காம் இடம்.

முதியவரின் அனுபவமும் இளையவரின் வலிமையும் ஒரே படகில் அமையுமாயின், வயது தடையாகாது.