சாவி மேலயா, கீழயா? ஃபிரெஞ்சில் இடம் சொல்லப் பழகலாம்!

பாரிஸில் ஃப்ரெண்டு வீட்டு வாசலில் நிற்கிறீர்கள். ஆள் வீட்டில் இல்லை. போன் செய்தால், 'லா க்ளே ஏ ஸூ லு தாப்பி' என்று சொல்லிவிட்டு கட் பண்ணிட்டார். சாவி கால்மிதிக்கு மேலயா, கீழயா?

கீழதான்! 'ஸூ' என்றால் கீழே. 'ஸ்யூர்' என்றால் மேலே. நம்ம காதுக்கு ரெண்டும் ஒண்ணு மாதிரியே கேட்கும். 'ஸ்யூர்' சொல்லும்போது, விசிலடிக்கிற மாதிரி உதட்டைக் குவித்துக்கொண்டு 'ஈ' சொல்லிப் பாருங்கள். அந்த ஒலிதான் வித்தியாசம். கடைசியில் வரும் 'ர்' இன்னொரு க்ளூ.

அடுத்து, வார்த்தை வரிசை. நாம் 'மேசை மேல' என்போம். ஃபிரெஞ்சில் தலைகீழ்: 'ஸ்யூர் லா தாப்ல்'. 'மேல' முதலில், மேசை அப்புறம். உள்ளே என்பதற்கு 'தாங்', முன்னால் என்பதற்கு 'துவாங்', பின்னால் என்பதற்கு 'தெரியேர்'. எல்லாம் இதே ரூட்தான். 'ங்' மட்டும் அழுத்தாமல் மூக்கால் வரட்டும்.

ஒரு ட்விஸ்ட். 'பக்கத்தில்' என்பது 'ஆ கொத்தே து'. பின்னாடி 'லு' வந்தால் 'து'வும் 'லு'வும் சேர்ந்து 'த்யூ' ஆகிவிடும். கட்டில் பக்கத்தில் என்றால் 'ஆ கொத்தே த்யூ லி'. 'லா' வந்தால் மாற்றமில்லை: 'ஆ கொத்தே து லா தாப்ல்'.

அடுத்த முறை போனைத் தேடும்போது, 'ஊ ஏ மோங் தெலெஃபோன்?' (என் போன் எங்கே?) என்று கேளுங்கள். பதிலையும் நீங்களே ஃபிரெஞ்சில் சொல்லுங்கள். பிராக்டிஸ் ஓவர்!