பிஸ்கட்டுக்கு எதுக்குங்க வனஸ்பதி?

வீட்டுல செக்குல ஆட்டின எண்ணெய் இருக்கு, சொந்த மாட்டு வெண்ணெய் இருக்கு. ஆனா பிஸ்கட் சுடணும்னா மட்டும் கடைக்கு ஓடி வனஸ்பதி வாங்குகிறோம். எண்ணெயில் ஹைட்ரஜன் வாயுவை ஏற்றிக் கெட்டியாக்கின பண்டம் அது. 2022 ஜனவரி முதல் அதில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது சட்டம். அதுக்காக நம்ம அடுப்படிக்கு அது தேவைன்னு ஆயிடாதுங்க.

மாற்றும்போதுதான் சிக்கல் வருது. வெண்ணெய்க்குப் பதிலா அதே எடை நெய்யை ஊத்தி, தட்டு முழுக்க நெய் மிதக்க நானும் ஒருமுறை விழிச்சிருக்கேன். கடை வெண்ணெயில் கொழுப்பு சுமார் 80 சதவீதம்தான், மீதி பெரும்பாலும் தண்ணி. நெய்யும் எண்ணெயும் கிட்டத்தட்ட முழுக்கக் கொழுப்பு. அதனால குறிப்பில் 100 கிராம் வெண்ணெய்ன்னு இருந்தா 80 கிராம் நெய்யோ எண்ணெயோ போட்டு, ஒரு மேசைக்கரண்டி பால் சேர்த்தா போதும். வனஸ்பதின்னு இருந்தா அதே எடைக்கு நெய் போடலாம்.

வீட்டில் கடைஞ்ச வெண்ணெயில் தண்ணி இன்னும் கூட இருக்கும். 100 கிராம் உருக்கிப் பாருங்க, எத்தனை கிராம் நெய் தேறுதோ அதுதான் உங்க கணக்கு.

தராசு இல்லையா? அளவு போட்ட குவளையில் 100 மில்லி தண்ணி ஊத்தி, வெண்ணெயைப் போட்டுக் கரண்டியால் அமுக்குங்க. தண்ணி 200 மில்லிக்கு ஏறினா வெண்ணெய் சுமார் 90 கிராம். எண்ணெயும் தண்ணியை விட லேசு. 100 மில்லி எண்ணெய் 92 கிராம்தான் நிக்கும்.

அளவு சரியா இருந்தாலும் எண்ணெய் பிஸ்கட் வெண்ணெய் பிஸ்கட் மாதிரி பொரபொரன்னு வராது. கெட்டிக் கொழுப்பைச் சர்க்கரையோடு குழைக்கும்போது காத்து உள்ளே சிக்கிக்கும், எண்ணெயில் அது நிக்காது. இதுக்குத் தேங்காய் எண்ணெய் நல்ல தோது. 24 டிகிரிக்குக் கீழே போனா உறைஞ்சிடும். மார்கழியில் அப்படியே குழைக்கலாம், சித்திரையில் குளிர்பெட்டியில் வச்சுத்தான் எடுக்கணும்.

கேழ்வரகுக்குக் கடலை எண்ணெய் வாசம் பொருந்தும். நல்லெண்ணெய் மத்த வாசத்தை அமுக்கிடும், வெல்லமும் எள்ளும் சேர்க்கிற பிஸ்கட்டுக்கு மட்டும் வச்சுக்குங்க.

மொத்த மாவையும் தட்டுல அடுக்காம, முதல்ல ஒண்ணே ஒண்ணு சுட்டுப் பாருங்க. பரவினா ஒரு கரண்டி மாவு சேருங்க. உதிர்ந்தா கொஞ்சம் பால் தெளிச்சுப் பிசைங்க.