போர்க்கலமும் பாரும்: கடலடி அளவையின் சமூக உள்ளடக்கம்

கருவிகளின் வரலாறு அவற்றைக் கையாண்ட சமூகத்தின் வரலாற்றினின்றும் பிரிக்கத்தக்கதன்று. கடலடியை அளந்து வரைபடமாக்கும் பணி இதற்குத் தக்க சான்றாகும். சிலாபம், உடப்பு, கற்பிட்டி ஆகிய ஊர்களை உள்ளடக்கிய புத்தளம் மாவட்டக் கரையோரத்தையும் மன்னார் வளைகுடாவையும் மனத்திற்கொண்டு இதனை நோக்குவோம்.

இக்கடலின் அடித்தளம் பற்றிய அறிவு முதலில் உழைப்பின் வழியே பிறந்தது. கடலடிப் பாறைத்திட்டினைத் தொழிலாளர் ‘பார்’ என்பர். கோயிற் கோபுரம், உயர்ந்த பனை போன்ற கரையடையாளங்கள் இரண்டினை ஒரே நேரில் நிறுத்திப் பாரின் இடத்தை அவர்கள் அறிவர். அவ்வறிவு ஏட்டில் எழுதப்படாதது. உடப்புக் கரைவலைக்காரரின் அம்பாப் பாடலைப் போன்று தொழிலோடு தொழிலாக வழிவழி வந்தது.

குடியேற்ற அரசு இக்கடலடியை ஆராய முற்பட்டமைக்குக் காரணம் முத்தேயாகும். 1902 இல் பேராசிரியர் ஹேர்ட்மன் ‘லேடி ஹவ்லொக்’ என்னும் கப்பலிற் சென்று முத்துச்சிப்பிப் பார்களை ஆராய்ந்தார். அவரது அறிக்கையை இலண்டன் றோயல் கழகம் 1903 முதல் 1906 வரை வெளியிட்டது. 1906 இலேயே முத்துக்குளிப்பு உரிமை இருபது ஆண்டுக் குத்தகையாக ஓர் ஆங்கிலக் கம்பனிக்கு வழங்கப்பட்டது. குத்தகைக் காலம் முடியுமுன்பே அக்கம்பனி நொடித்துப் போயிற்று. அறிவியலும் மூலதனமும் அடுத்தடுத்து வந்தமை தற்செயலன்று.

அடுத்த கட்டத்தைப் போர் உருவாக்கியது. ஈயக்குண்டு கட்டிய கயிற்றினால் ஆழம் பார்த்த காலம் மாறி, எதிரொலியால் அளக்கும் காலம் வந்தது. நீரில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 1500 மீற்றர் செல்லும். அனுப்பிய ஒலி ஒரு செக்கனில் மீண்டால் ஆழம் ஏறத்தாழ 750 மீற்றராகும். இந்நுட்பம் விரைந்து வளர்வதற்கு நீர்மூழ்கிகளைத் தேடும் தேவை பெருங் காரணமாயிற்று.

இம்மாற்றத்தை ஒரு கப்பலின் வாழ்விலேயே காணலாம். நீர்மூழ்கிகளினின்றும் வணிகக் கப்பல்களைக் காக்கவென ‘றிவர்’ வகுப்புப் போர்க்கப்பல்களைப் பிரித்தானியா கட்டியது. அவற்றுள் ஒன்றான ‘ட்றென்ற்’ 1942 இல் பிறிஸ்ரலில் நீரில் இறக்கப்பட்டது. 1946 இல் இந்தியாவுக்கு மாற்றப்பட்டுக் ‘குக்ரி’யாயிற்று. 1951 இல் போர்ப்பணி நீங்கி, ‘இன்வெஸ்ரிகேற்றர்’ என்னும் பெயருடன் கடலளவைக் கப்பலாக மறுவாழ்வு பெற்றது. அதன் வழியே ‘ஜம்னா’, ‘சட்லெஜ்’ என்னும் போர்க்கலங்களும் பின்னர் அளவைக் கப்பல்களாயின. மற்றொரு போர்க்கலமான ‘கிஸ்ற்னா’ அறுபதுகளிற் சர்வதேச இந்துசமுத்திர ஆய்வுப் பயணத்திற் பங்குகொண்டது. அப்பயணத்தின் பயனாக 1966 இல் இந்தியாவின் தேசிய கடலாய்வு நிறுவனம் தோன்றியது.

அளவைக் கப்பல் இணைகோடுகளாகச் சென்று ஆழத்தைப் பதியும். கரையோர அளவையில், செய்மதிக் காலத்துக்கு முன்னர், கரையடையாளங்களுக்கு இடைப்பட்ட கோணங்களைச் செக்ஸ்ரன்ற் கருவியால் அளந்தே கப்பலின் இடம் குறிக்கப்பட்டது. கோபுரத்தையும் பனையையும் நோக்கிய தொழிலாளி செய்ததும் அடிப்படையில் இதுவேயன்றோ! வேறுபாடு அறிவின் தன்மையில் மட்டுமன்று, அதன் உடைமையிலும் உள்ளது. ஒன்று உழைப்போரின் பொதுச்சொத்து. மற்றையது அரசின் ஆவணம்.

இவ்வேறுபாடு இன்றும் பொருளுடையது. 1976 இல் இந்திய–இலங்கை உடன்படிக்கை மன்னார் வளைகுடாவிற் கடலெல்லையை வகுத்தது. 1992 இல் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பவளப்பாறைத் தொகுதி சரணாலயமாயிற்று. 2011 இல் மன்னார்ப் படுகையில் இயற்கை வாயு கண்டறியப்பட்டது. எல்லையும் காப்பும் அகழ்வும் வரைபடத்தின் மீதே தீர்மானிக்கப்படுகின்றன. அவ்வரைபடத்தை வாசிக்க இயலாதவன் தன் கடலைப் பற்றிய தீர்மானத்திற் பங்குகொள்ள இயலாதவனாகிறான்.

போர்க்கலம் அளவைக்கலமானமை வரவேற்கத்தக்க மாற்றமே. எனினும் பீரங்கி நீங்கியதால் மட்டும் அறிவு மக்களுடையதாகிவிடாது. கடலடி வரைபடம் தொழிலாளரின் மொழியில், அவர்கள் பார்களுக்கு இட்ட பெயர்களுடன், அவர்தம் கைக்குச் சென்று சேரவேண்டும். அந்நிலை எய்தும் போதே அம்மறுவாழ்வு முழுமை பெறும் என்பது நமது துணிபு.