உடைந்த கண்ணாடிக்கும் ஒரு விலை உண்டு

கண்ணாடி என்றதும் வியாபாரிகளாகிய நமக்கு நினைவு வருவது சன்னல் கண்ணாடி, போத்தல், குவளை, அலுமாரிக் கதவு ஆகியவைதான். உடைந்தால் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டுவிடுவோம். ஆனால் உடைந்த பிறகும் காசு பெறும் ஒரு கண்ணாடி இருக்கிறது. அது ஆய்வுகூடக் கண்ணாடி. அதை ஊதிச் செய்பவர்களையும் திருத்துபவர்களையும் பற்றி நமது வியாபாரிகள் பலர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள். அறிந்து வைத்திருந்தால் ஒரு சிறு தொழிலுக்கு வழி உண்டு என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் சாம்பல்தீவிலிருந்து பாடசாலைகளுக்கும் மருத்துவப் பரிசோதனை நிலையங்களுக்கும் பொருட்கள் கொடுத்து வருபவன். எங்கள் ஊரைத் தாண்டி நிலாவெளிப் பக்கம் போனால் கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம். மறுபக்கம் துறைமுகத்தைச் சுற்றி மாவு ஆலை, சீமெந்து ஆலை. உயர்தர விஞ்ஞானப் பிரிவுள்ள பாடசாலைகள் வேறு. மாவோ, சீமெந்தோ, குடிநீரோ, இரத்தமோ, எதைப் பரிசோதித்தாலும் கண்ணாடிக் கருவி வேண்டும். அவை பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து கொழும்புக்கு வந்து, அங்கிருந்து நம்மிடம் வருகின்றன.

2022இல் நாட்டில் டொலர் தட்டுப்பாடு வந்தபோது இந்தச் சங்கிலி அறுந்தது. இறக்குமதிக்குக் கடன் கடிதம் திறப்பதே பெரும்பாடாயிற்று. அந்த வருடம் ஒரு பாடசாலையில் நான் பார்த்த ஒடுக்கி நல்ல நிலையில்தான் இருந்தது. தண்ணீர்க் குழாய் மாட்டும் சிறு மூக்கு மட்டும் முறிந்திருந்தது. விரல் நீளக் கண்ணாடி இல்லாததால் முழுக் கருவியும் மூலையில் கிடந்தது, பிள்ளைகளின் செய்முறைப் பாடம் நின்றது. மேசையில் கண்ணாடி ஊதத் தெரிந்த ஒருவர் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் முடியும் வேலை அது.

மணலா, கையா?

‘புல்மோட்டையில் மணல் குவிந்து கிடக்கிறதே, கண்ணாடி செய்தால் என்ன?’ என்று கேட்பவர்கள் உண்டு. புல்மோட்டை மணல் இல்மனைற்று, உரூத்தைல், சிர்க்கோன் முதலிய கனிமங்களுக்குப் பேர்போனது. கண்ணாடிக்கு வேண்டிய சிலிக்கா மணல் நாத்தாண்டிய, மாரவில பக்கம் கிடைக்கிறது. அதுவும் போக, கண்ணாடி ஊதும் பட்டறை மணலை உருக்குவதே இல்லை. பெரிய ஆலைகளில் செய்த கண்ணாடிக் குழாய்களையும் கோல்களையும் வாங்கி, தீயில் இளக்கி, வளைத்து, ஊதி, ஒட்டுவதே அதன் வேலை. இங்கே விலை மணலுக்கு அல்ல, கைக்கு.

அந்தக் குழாய் போரோசிலிகேட் என்ற வகைக் கண்ணாடி. ஜெர்மனியின் ஜெனா நகரில் ஓட்டோ ஷொட் என்பவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கியது. சாதாரணக் கண்ணாடியுடன் ஒப்பிட்டால் சூட்டில் இது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் விரியும். ஆகவே கொதிக்க வைத்தாலும் எளிதில் வெடிக்காது. முதலாம் உலகப் போருக்கு முன் ஆய்வுகூடக் கண்ணாடிக்கு உலகமே ஜெர்மனியை நம்பியிருந்தது. போர் வந்து வரத்து நின்றதும் பிரித்தானியாவும் அமெரிக்காவும் சொந்தமாகச் செய்ய ஓடின. அமெரிக்க கோர்னிங் கம்பனியின் பைரெக்ஸ் 1915இல் சந்தைக்கு வந்தது. 2022இல் நாம் பட்ட பாடு புதியதல்ல.

பட்டறையில் நடப்பது

பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகம், சென்னை ஐ.ஐ.டி., கான்பூர் ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் இதற்கென்றே தனிப் பிரிவு வைத்து நடத்தியிருக்கிறார்கள். ஆராய்ச்சியாளர் ஒரு தாளில் படம் வரைந்து கொண்டுவருவார், கடையில் கிடைக்காத உருவத்தைக் கைவினைஞர் செய்து கொடுப்பார்.

போரோசிலிகேட் இளக வெறும் காஸ் அடுப்புத் தீ போதாது. காஸுடன் ஒட்சிசன் கலந்த சுடர் வேண்டும். குழாயின் ஒரு முனையைத் தக்கையால் அடைத்து, மறு முனையில் ரப்பர் குழாய் மாட்டி, கையால் உருட்டிக்கொண்டே வாயால் ஊதுவார்கள். சூடான கண்ணாடியிலிருந்து கண்ணைக் கூசும் மஞ்சள் ஒளி வரும். அதை மறைக்கும் தனிவகை மூக்குக் கண்ணாடி அணிந்தால்தான் வேலை தெரியும். பெரிய உருளைகளை லேத் இயந்திரத்தில் மாட்டிச் சுழற்றுவார்கள்.

உருவம் வந்ததோடு வேலை முடியாது. பொருளைச் சூளையில் 560 பாகை செல்சியஸ் அளவில் வைத்து மெல்ல மெல்ல ஆற விட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் உள்ளே இறுக்கம் தங்கிவிடும். பார்க்க அழகாக இருக்கும், சில நாள் கழித்துத் தொடாமலே கீறல் விடும். அந்த இறுக்கத்தைக் கண்ணுக்குக் காட்டும் முனைவாக்க ஒளிக் கருவியும் நல்ல பட்டறையில் இருக்கும்.

எது திருந்தும், எது திருந்தாது?

வாய் சிப்பாகிய குடுவை, முறிந்த பக்கக் குழாய், நுனி உடைந்த அளவி, இணைப்பு வாய் போன குடுவை ஆகியவை பெரும்பாலும் திருந்தும். அளவுக்கோடு உள்ள பகுதியில் தீ பட்டால் கொள்ளளவு மாறிவிடும், அதைத் திருத்திப் பயனில்லை. இரசம் அல்லது நச்சு இரசாயனம் ஒட்டியதை எந்தப் பட்டறையும் ஏற்காது. கழுவிக் காய வைத்தே கொடுக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடியைப் போரோசிலிகேட்டுடன் ஒட்ட முடியாது. ஆறும்போது இரண்டும் வெவ்வேறு அளவில் சுருங்கி வெடித்துவிடும்.

இரண்டையும் எப்படிப் பிரித்து அறிவது? சிறு துண்டு ஒன்றைக் கிளிசரினில் அமிழ்த்துங்கள். போரோசிலிகேட் ஏறத்தாழ மறைந்தே போகும், சாதாரணக் கண்ணாடி தெளிவாகத் தெரியும். ஒளி இரண்டிலும் வளையும் அளவு வேறு என்பதே காரணம். ‘அசல் சரக்கு’ என்று தலையில் கட்டப் பார்ப்பவரிடம் வாங்குமுன் இந்தச் சோதனை கை கொடுக்கும்.

வியாபாரி செய்ய வேண்டியது

இதில் கோடி சம்பாதிக்க முடியாது. ஆனால் ஏற்கனவே ஆய்வுகூடப் பொருள் விற்பவருக்கு இது நல்ல கிளைத்தொழில். உடைந்தவற்றைப் பல இடங்களிலிருந்து சேர்த்து, ஒரே தடவையில் பட்டறைக்கு அனுப்பி, திருத்தி வாங்கிக் கொடுக்கலாம். போக்குவரத்துச் செலவு பங்கிடப்படும்.

முதலில், நாட்டின் பல்கலைக்கழக இரசாயனவியல் துறைகளிடமும் ஆய்வு நிறுவனங்களிடமும், கண்ணாடி ஊதுபவர் இருக்கிறாரா, வெளிவேலை எடுப்பாரா என்று எழுத்தில் கேளுங்கள். அடுத்து, ஒவ்வொரு பொருளுக்கும் படம், அளவு, எவ்வளவு சூடு தாங்க வேண்டும், வெற்றிடத்துக்குப் பயன்படுமா என்பதைக் குறித்து அனுப்புங்கள். இணைப்பு வாயின் இலக்கத்தை மறக்க வேண்டாம். 24/29 என்றால் வாயின் அகன்ற பக்கம் 24 மில்லிமீற்றர், நீளம் 29 மில்லிமீற்றர். இந்த இலக்கம் தவறினால் திரும்பி வந்த பொருள் எதிலும் பொருந்தாது. கட்டணத்தில் பெரும்பங்கு கைவினைஞரின் நேரம். ஆகவே வேலைக்கு முன்பே மதிப்பீடு வாங்குங்கள். புதிய பொருளின் விலையில் பாதிக்கு மேல் போனால் திருத்தச் சொல்லாதீர்கள் என்பது என் கணக்கு.

கடைசியாக ஒன்று. வாலையில் அத்தர் வடித்த காலத்திலிருந்து கண்ணாடியும் வியாபாரமும் கூடவே வந்தவை. வடிகலத்துக்கு ஐரோப்பியர் வைத்த அலெம்பிக் என்ற பெயரே ‘அல் அன்பீக்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. இன்றோ கற்றவர் குறைவு. அமெரிக்காவிலேயே இதற்குப் பட்டம் தருவது நியூ ஜெர்சியின் சேலம் சமுதாயக் கல்லூரி ஒன்றுதான். மற்ற இடங்களில் மூத்த கைவினைஞர் பக்கத்தில் வருடக்கணக்கில் நின்றுதான் பழக வேண்டும். கைத்திறனும் பொறுமையும் உள்ள பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், வெளிநாட்டுக்கு விசா தேடும் முன், இப்படியொரு மேசை அருகே ஒரு நாள் நிற்க வையுங்கள். பிடித்துவிட்டால், போட்டியாளர் அதிகம் இல்லாத தொழில் அது.