பூனை பழிவாங்குவதில்லை!

‘‘ரெண்டு வருஷமா ஒழுங்கா இருந்த பூனை, திடீர்னு சோபாவுல மூத்திரம் போகுது. திட்டினதுக்குப் பழிவாங்குது!’’ பூனை வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் புகார் இது. பூனைக்கு அப்படிக் கணக்குத் தீர்க்கத் தெரியாது. பழக்கம் திடீரென மாறினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அதன் உடம்பைத்தான்.

சிறுநீர்ப்பையில் அழற்சியோ கல்லோ இருந்தால், சிறுநீர் போகும்போது வலிக்கும். அந்த வலியை லிட்டர் பாக்ஸோடு முடிச்சுப் போட்டுக்கொள்ளும் பூனை, அடுத்த முறை வேறு இடம் தேடும்.

ஆண் பூனை என்றால் இன்னும் கவனம் தேவை. அதற்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் மிகக் குறுகல், சுலபமாக அடைத்துக்கொள்ளும். திரும்பத் திரும்ப பாக்ஸில் உட்கார்ந்து முக்குகிறது, கத்துகிறது, ஆனால் சொட்டுக்கூட வரவில்லை என்றால், மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் தேடாதீர்கள். உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். முழு அடைப்பு ஓரிரு நாட்களில் உயிரைப் பறித்துவிடும். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம்.

நாயும் அப்படித்தான். குழந்தை தடவினால் வாலாட்டிய நாய் இன்று உறுமுகிறது என்றால், காதில் சீழ், பல்வலி, மூட்டுவலி என எதுவாகவும் இருக்கலாம். குழந்தையைத் தள்ளி நிறுத்துங்கள், நாயை அடிக்காதீர்கள். உறுமல் ஓர் எச்சரிக்கை. அதை அடித்து நிறுத்தினால், அடுத்த முறை உறுமாமலே கடிக்கக்கூடும்.

‘‘தப்பு செஞ்சது அதுக்கே தெரியும், மூஞ்சியைப் பாருங்க’’ என்பார்கள். அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் இதைச் சோதித்து, 2009-ல் முடிவை வெளியிட்டார். தின்னக்கூடாது என்று சொன்ன பிஸ்கட்டைத் தின்ற நாயும் சரி, தொடாத நாயும் சரி, திட்டு வாங்கியபோது காட்டியது அதே முகம்தான். அது குற்ற உணர்வல்ல, நம் கோபத்தைப் பார்த்து வரும் முகம்.

உடம்பில் கோளாறில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு வீட்டைப் பாருங்கள். லிட்டர் பாக்ஸ் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதா? வாஷிங் மெஷின் அதிரும் மூலையிலா? தினமும் அள்ளுகிறீர்களா? இரண்டு பூனைகளுக்கு மூன்று பாக்ஸ் வேண்டும். சின்ன ஃப்ளாட்டில் சிரமம்தான், ஆனால் புது சோபாவைவிட மலிவு! நனைந்த இடத்தை அம்மோனியா கலந்த கிளீனரால் துடைக்காதீர்கள். அந்த வாடை மறுபடியும் பூனையை அங்கேயே இழுக்கும். செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் கிளீனர்தான் இதற்குச் சரி.