'போதும்' என்னும் கட்டளை

ஊரப்பாக்கம் ஏரிக்கரையில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்ட மாணவன் ஒருவன், பத்து நாள் கழித்து நம்மிடம் வந்தான். புண் ஆறிவிட்டது, பொருக்கும் உதிர்ந்துவிட்டது. "தோல் வளர்ந்து புண்ணை மூடியது சரி, ஸார். மேலும் வளராமல் அது நின்றது எப்படி?" என்று கேட்டான். இருபது ஆண்டுகள் பாடம் நடத்தியும் அக்கேள்வி நமக்கு உதிக்கவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

குழந்தை வளர வேண்டும், பயிர் வளர வேண்டும் என்று வளர்ச்சியையே நாம் போற்றிப் பழகிவிட்டோம். உடலைப் பொறுத்தமட்டில் வளர்வதைக் காட்டிலும் நிற்பதே அரிய வித்தை. காயம் பட்டவுடன், பிளந்து பெருகும்படி அண்டையிலுள்ள உயிரணுக்களுக்கு இரசாயனத் தூது செல்கிறது. இரு கரைகளினின்றும் அவை நகர்ந்து வருகின்றன. நடுவில் ஒன்றையொன்று தொட்டதும் அந்த ஓட்டம் ஓய்கிறது. அணுவுக்குள்ளேயும் காவல் உண்டு. டி.என்.ஏ. என்னும் பரம்பரைக் குறிப்பேட்டில் பழுது நேர்ந்திருப்பின் பிளவைத் தடுத்து நிறுத்தும் புரதங்கள் உள்ளன. பழுது தீராவிடில் அணு தன்னைத்தானே மாய்த்துக்கொள்வதும் உண்டு. இக்காவல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து, 'போதும்' என்னும் கட்டளைக்கு அடங்காத அணுக்கூட்டம் பெருகுவதே புற்றுநோய்.

அடங்காத அணுவை மருந்தால் அடக்க இயலுமா? இதற்கு முதல் விடைகளுள் ஒன்றைத் தந்தவர் சென்னையில் படித்தவர் என்பதை எத்தனை பேர் அறிவர்! ஊரப்பாக்கத்தில் மின்சார ரயில் ஏறிப் பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் அருகிலேயே மருத்துவக் கல்லூரி. 1895-ல் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ் அங்கேதான் மாணவராயிருந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் அங்கி அணிந்து அறுவை மருத்துவ வகுப்புக்குச் சென்றார். பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிட்டாமல், அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டத்துடனேயே வெளிவந்தார். ஸ்ப்ரூ என்னும் கொடிய பேதி நோய்க்குத் தமையனாரைப் பறிகொடுத்த துயரம் வேறு. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் சில காலம் பணியாற்றிவிட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். ஹார்வர்டில் உழைத்துப் புகழ் பெற்றபின், 1940-ல் லெடர்லே மருந்து நிறுவனத்தில் சேர்ந்து அதன் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கினார்.

அக்காலத்தில் அறிஞர்களின் கவனத்தைக் கவர்ந்திருந்தது கீரையிலுள்ள ஒரு சத்து. 1941-ல் அமெரிக்க அறிஞர் சிலர் நான்கு டன் பசலைக்கீரையிலிருந்து அதைப் பிரித்து, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். இச்சத்து இன்றேல் அணு தன் குறிப்பேட்டைப் படி எடுக்க மாட்டாது, பிளக்கவும் மாட்டாது. 1945-ல் சுப்பாராவின் குழுவினர் அதைச் செயற்கையாகவே ஆக்கிவிட்டனர். ஸ்ப்ரூ நோயாளரின் சோகைக்கு அது நல்ல மருந்தாயிற்று. தமையனார் இறந்து பல ஆண்டுகள் கழிந்தே அம்மருந்து வந்தது.

பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர், இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு இவ்வகைப் பொருள்களைக் கொடுத்தபோது நோய் விரைவதைக் கண்டார். வளர்ச்சிக்கு உரமாவது பகைக்கும் உரமாயிற்று! அப்படியானால் உரத்தைப் பறித்தால்? சுப்பாராவின் கூடத்தார் அமினோப்டெரின் என்னும் பொருளை ஆக்கி அனுப்பினர். பார்வைக்கு ஃபோலிக் அமிலமேதான். ஓரிடத்தில் மட்டும் சிறு மாற்றம். பூட்டில் நுழைந்து திரும்பாமல் சிக்கிக்கொள்ளும் கள்ளச் சாவியைப் போல அது அணுவின் வேலையை முடக்கிவிடும். 1948 ஜூனில் ஃபார்பர் வெளியிட்ட கட்டுரைப்படி, 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் பின்வாங்கியது. நிரந்தரமாக அன்று, சில மாதங்களுக்கே. ஆயினும் அதற்கு முன் அந்நோயின் முன் கைகட்டி நின்ற மருத்துவர்களுக்கு அது பெரு வியப்பு. அவ்வாண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் தமது 53-ஆம் வயதில் காலமானார்.

இதைப் படித்துவிட்டு இல்லத்தரசிகள் கீரையைக் குறைத்துவிடலாகாது. கருவுற்ற பெண்களுக்கு அச்சத்து இன்றியமையாதது. போதாவிடில் சிசுவின் முதுகெலும்பு மூடாமற் போகவும் கூடும்.

அமினோப்டெரினின் இளவலான மெதோட்ரெக்ஸேட் இன்றும் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு வழங்கப்படுகிறது. ஆனால் கள்ளச் சாவிக்கு நல்லது கெட்டது தெரியாது. வாயின் உட்தோல், குடல், எலும்பு மஜ்ஜை என விரைந்து பிளக்கும் நல்ல அணுக்களையும் அது நிறுத்திவிடும். ஆதலின் மருந்தைப் பெரிய அளவில் செலுத்தும்போது, மணிக்கணக்குப் பார்த்து, ஃபோலிக் அமிலத்தின் ஒரு வடிவத்தையே பின்னர்க் கொடுத்து நல்ல அணுக்களை மீட்கின்றனர்.